போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டம்) பிரிவு 6, இ.த.ச. (இந்திய தண்டனைச் சட்டம்) 363 தண்டனை: மேல்முறையீட்டில் முதலில் எதைப் பிடிப்பது?

ஜூனியர்_பார்:
சம்பவம் 2018. தீர்ப்பு போன வாரம்: 363-க்கு (ஆள் கடத்தல்) 5 ஆண்டு, போக்சோ பிரிவு 6-க்கு (கடுமையான பாலியல் தாக்குதல்) 20 ஆண்டு. எதிரி (தண்டனை பெற்றவர், என் கட்சிக்காரர்) மத்திய சிறையில். பெண்ணின் வயதுக்குச் சான்றாவணமாக மார்க் ஆனது பள்ளி மாற்றுச் சான்றிதழ் மட்டும். அந்தப் பெண் விரும்பி வந்ததாக, மாஜிஸ்திரேட்டிடம் தந்த 164 வாக்குமூலத்தில் இருக்கிறது. கூண்டில் மாற்றிச் சொல்லியிருக்கிறார். சம்மதத்தை முதல் கிரவுண்டாக (மேல்முறையீட்டுக் காரணமாக) வைக்கலாமா? கெடு எவ்வளவு?

பழைய_கட்டு:
உயர் நீதிமன்றத்துக்கு 60 நாள். தீர்ப்பின் சர்டிஃபைடு காப்பி எடுக்க ஆன நாள்கள் கழியும். மனுப் போட்ட தேதியும் காப்பி தயாரான தேதியும் காப்பியிலேயே இருக்கும், சரிபாருங்கள். வக்காலத்தில் சிறை அதிகாரியின் சான்றொப்பம் வேண்டும். கு.ந.ச. (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 374(2)-உடன், அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். 415(2)-ஐயும் குறிப்பிட்டுவிட்டால் பிரிவு எண்ணுக்காகக் கட்டு திரும்பாது. தண்டனை நிறுத்த மனுவை (பி.என்.எஸ்.எஸ். 430) கூடவே போடுங்கள். 10 ஆண்டும் அதற்கு மேலும் என்றால் அரசு வழக்கறிஞருக்கு எழுத்தில் ஆட்சேபிக்க வாய்ப்புத் தராமல் உத்தரவு வராது. முதல் நாளே கிடைக்கும் என்று குடும்பத்தாரிடம் சொல்லிவிடாதீர்கள். வசதி இல்லையென்றால், காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. எண் 15100.

குறுக்கு_விசாரணை:
சம்மதத்தை முதலில் வைத்தால் கட்டே சரியும். 18-க்குக் கீழ் என்று நிலைத்துவிட்டால் அது பதிலே அல்ல. வயதில் தொடங்குங்கள். இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 94-இன் வரிசை: பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்றிதழ் அல்லது மெட்ரிக் சான்றிதழ், இல்லையேல் உள்ளாட்சிப் பிறப்புச் சான்றிதழ், இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புச் சோதனை. மாற்றுச் சான்றிதழ் இந்த வரிசையில் இல்லை என்று 2023-இல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் தலைமையாசிரியரைக் குறுக்கு விசாரணை செய்தார்களா, 313-இல் (நீதிமன்றம் எதிரியிடம் நேரடியாகக் கேட்கும் கேள்விகள்) எதிரி வயதை மறுத்தாரா என்று பாருங்கள். மறுக்கவே இல்லை என்றால் வாதம் மெலியும். அரசுத் தரப்பு பி.என்.எஸ்.எஸ். 432-இன் (பழைய கு.ந.ச. 391) கீழ் கூடுதல் சாட்சியமாகப் பிறப்புச் சான்றிதழைக் கொண்டுவரவும் முயலலாம்.

363-க்கு வரதராஜன் எதிர் சென்னை மாநிலம் தீர்ப்பு (1965) இருக்கிறது: எதிரி அழைத்துச் சென்றதும், தூண்டுதல் இல்லாமல் தானே கிளம்பி வந்தவரோடு கூடப் போனதும் ஒன்றல்ல. அது பிரிவு 6-க்கு உதவாது.

164 தனித்துச் சாட்சியம் ஆகாது. சாட்சியச் சட்டம் 145-இன்படி அந்த வரியைப் பெண்ணிடமே காட்டிக் கேட்டிருந்தால்தான் முரண்பாடு. அ.சா.1-இன் (அரசுத் தரப்புச் சாட்சி 1, அந்தப் பெண்) குறுக்கு விசாரணையை வரி வரியாகப் படியுங்கள். கேட்கவில்லை என்றால் அந்தக் கிரவுண்டை எழுதாமலிருப்பதே மேல்.

ஜூனியர்_பார்:
தலைமையாசிரியரிடம் மூல ஆவணம் பற்றிக் கேட்டிருக்கிறார்கள், சார். 164 பற்றிக் கேட்கவில்லை.

பழைய_கட்டு:
அப்போது வயதுதான். தண்டனைப் பத்தியையும் பாருங்கள். பிரிவு 6-இன் குறைந்தபட்சம் 20 ஆண்டு ஆனது 2019 ஆகஸ்ட் 16 முதல். 2018 சம்பவத்துக்கு 10 தான். ஆயுள் வரை போகலாம் என்பதால் 20 கொடுத்தது மட்டுமே பிழை ஆகாது. "குறைந்தபட்சம் 20" என்று நினைத்துக் கொடுத்திருந்தால் அரசியலமைப்பு 20(1) (குற்றம் நடந்தபோது இருந்த சட்டத்தைவிடக் கூடுதல் தண்டனை கூடாது) வரும். இதைத் தனிக் கிரவுண்டாக, மாற்று வேண்டுதலோடு வையுங்கள்.

குறுக்கு_விசாரணை:
மனுவிலோ டைப் செட்டிலோ (தட்டச்சு ஆவணத் தொகுப்பு) பெண்ணின் பெயர், பெற்றோர் பெயர், பள்ளி, ஊர் எதுவும் வரக்கூடாது. இணைப்பு ஆவணங்களிலும் மறைத்துவிட்டுத் தாக்கல் செய்யுங்கள். அங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.