அம்மாவுக்கு ஜீன் டெஸ்ட் ரிசல்ட் வர்ற வரைக்கும் காத்திருக்கலாமா?

மதுரைப்பொண்ணு: அம்மாவுக்கு 61 வயசு, வீட்ல யாரும் பீடி சிகரெட் தொட்டதில்ல, மூணு மாசமா இருமல் நிக்கவே இல்லன்னு பாத்தா பயாப்ஸில நுரையீரல் கேன்சர், அடினோகார்சினோமாங்குற வகை, 4வது ஸ்டேஜாம். டாக்டர் ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கேன்னு ரெண்டு ஜீன்ல மாற்றம் இருக்கான்னு கேன்சர் திசுவுல பாக்குற டெஸ்ட் எழுதிருக்காங்க, ரெண்டு வாரம் ஆகுமாம். சொந்தக்காரங்க எல்லாம் உடனே கீமோ போடுங்கன்னு நெருக்குறாங்க, என்ன செய்ய?

நெல்லை_குமார்: அக்கா, இப்போதைக்கு அவசரம் இல்லன்னு டாக்டர் சொன்னா காத்திருங்க. சிகரெட் பிடிக்காத நம்ம பொம்பளைங்களுக்கு ஈஜிஎஃப்ஆர் மாற்றம் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு, இருந்தா மாத்திரையிலயே ஆரம்பிக்கலாம். எங்க அத்தைக்கு அந்த மாற்றத்துக்கான ஆசிமெர்டினிப் மாத்திரை 80 மில்லிகிராம், தினம் ஒண்ணு, காலைல போட்டுட்டு பூ கட்ட உக்காந்துருவாங்க.

லேப்காரன்: நான் பேத்தாலஜி லேப்ல இருக்கேன். பயாப்ஸி திசுவ பதிச்சு வச்சிருக்குற மெழுகு ப்ளாக்ல இந்த டெஸ்டுக்கு திசு போதுமான்னு இன்னைக்கே கேட்டுருங்க, பத்தலன்னா ரத்தத்துலயும் பாக்கலாம், ஆனா ரத்தத்துல நெகட்டிவ்னா மாற்றமே இல்லன்னு அர்த்தம் கிடையாது. இன்னொண்ணு, ரிசல்ட்டுக்கு முன்னாடி இம்யூனோதெரபி, அதாவது உடம்போட எதிர்ப்பு சக்திய கேன்சருக்கு எதிரா தூண்டுற மருந்து, போட்டுட்டு அப்புறம் ஆசிமெர்டினிப்க்கு மாறுனா நுரையீரல் அழற்சி வர்ற ஆபத்து கூடும், அதையும் டாக்டர்கிட்ட கேளுங்க.

மதுரைப்பொண்ணு: ரொம்ப நன்றி அண்ணா. திசு போதும்னு இப்பதான் போன்ல சொன்னாங்க, காத்திருக்கோம்.