துரத்திவிடப்பட்டவர்களை ஆண்டவர் என்ன செய்கிறார்?

மேலூர்க்காரன்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ஈஸ்டருக்கு முந்திய லெந்து தபசு காலம் என்பதால் போன ஞாயிறு எங்கள் சபையில் ஆதியாகமம் 3-ஆம் அதிகாரத்தில் பிரசங்கம். சபைப் பெயர் வேண்டாம், மேலூர்ப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆதாமையும் ஏவாளையும் தோட்டத்தை விட்டுத் துரத்தியது, கேருபீன்கள் என்ற தேவதூதர்களைக் காவல் வைத்தது எல்லாம் சொல்லிவிட்டு, "பரிசுத்தத்தைக் காப்பாற்ற ஆண்டவரே ஆளை வெளியே தள்ளுகிறார், சபையும் தள்ளத்தான் வேண்டும்" என்று முடித்தார்கள். யாரைச் சொல்கிறார்கள் என்று உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ஒரு வீட்டுப் பெண் இந்துப் பையனை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டாள். பெற்றவர்கள் கல்யாணத்துக்குப் போய் நின்றார்கள். அதற்காக அவர்களுக்குத் திருவிருந்து, அதாவது ஆராதனையில் கொடுக்கும் அப்பமும் ரசமும், நிறுத்தியிருக்கிறார்கள். எதுவரைக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

அதே அதிகாரத்தில் துரத்துவதற்கு முன்னால் ஒரு வசனம் வருகிறது. தேவன் தாமே தோலுடை செய்து அவர்களுக்கு உடுத்துகிறார். அதன் பிறகுதான் வெளியே அனுப்புகிறார். அடுத்த அதிகாரத்தில் காயீன், தம்பியைக் கொன்றவன். தேசாந்தரியாய் அலைவாய் என்ற தீர்ப்போடு அவன்மேல் ஓர் அடையாளமும் போடப்படுகிறது. அது அவனைக் கேவலப்படுத்தப் போட்டதல்ல, அவனை யாரும் கொன்றுவிடாதபடி போட்டது. கொலைகாரனுக்கே பாதுகாப்பு கொடுத்து அனுப்புகிறவரை, பிள்ளையின் கல்யாணத்துக்குப் போன அப்பா அம்மாவைத் தள்ளுவதற்குச் சாட்சியாக எப்படி நிறுத்துகிறார்கள்? வேதத்தில் துரத்துவது என்றால் உண்மையில் என்ன அர்த்தம்?

திருமங்கலம் மூப்பர்:
தம்பி, அந்தக் குடும்பத்து விஷயத்தில் நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. இரு பக்கமும் கேட்காமல் பேசுவது முறையில்லை. ஆனால் வசனத்தைப் பற்றிக் கேட்டீர்கள், அதற்குச் சொல்கிறேன். தோலுடையைப் பிடித்துக்கொண்டு, தோட்டத்துக்குக் காவலாக வைத்த பட்டயத்தை, அந்த வாளை, மறந்துவிடக் கூடாது. அது எல்லாப் பக்கமும் சுழன்றுகொண்டிருந்தது என்று எழுதியிருக்கிறது. வழி அடைக்கப்பட்டது.

இஸ்ரவேல் ஜனங்களை அந்நிய தேசத்துக்குப் பிடித்துக்கொண்டுபோன சிறையிருப்பையும் பாருங்கள். கி.மு. 722-இல் சமாரியா அசீரியரிடம் விழுந்தது. 586 வாக்கில் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரின் சேனை எருசலேமைத் தரைமட்டமாக்கியது. இது திடீரென்று வந்த விபத்தா? தேசத்தைத் தீட்டுப்படுத்தினால் அது உங்களைக் கக்கிப்போடும் என்று லேவியராகமத்திலேயே எச்சரித்தாயிற்று. உபாகமம் 28-இல் பெரும்பகுதி அதுதான். ஜனங்கள் கேட்கவில்லை. எரேமியா தீர்க்கதரிசியின் காலத்தில் அனனியா என்று ஒருவன், இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பிவிடுவார்கள் என்று இனிக்க இனிக்கச் சொன்னான். எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தை எடுத்து உடைத்தான். அந்த வருஷமே செத்துப்போனான். தண்டனையைத் தண்டனை என்று சொல்லாமல் ஆறுதல் மட்டும் சொல்கிறவர்களை எனக்கு அனனியாவின் வரிசையில்தான் வைக்கத் தோன்றுகிறது. பாவம் என்று ஒன்று இருக்கிறது, அதற்கு விளைவு என்று ஒன்று இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் சிலுவைக்கே வேலை இல்லை.

ஆனையூர் முகாம்:
மூப்பர் ஐயா, மரியாதையோடு சொல்கிறேன். நான் அகதி முகாமில் பிறந்தவன். அம்மா 1990-இல் மன்னாரிலிருந்து படகில் வந்தவர். 2021-இல் அரசாங்கம் பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. பெயர் மாறியது நல்லதுதான், ஆனால் குடியுரிமை இன்னும் இல்லை. எங்கள் லைனில் ஆண்கள் பாதிப் பேர் பெயிண்ட் வேலைக்குப் போகிறார்கள். மாதம் ஒருமுறை செக்கிங் நாளில் நேரில் நிற்க வேண்டும், எங்கே வேலை இருந்தாலும் வந்துவிட வேண்டும்.

சின்ன வயதில் ஒரு ஜெபக்கூட்டத்தில் வெளியிலிருந்து வந்த பிரசங்கியார், "உங்கள் ஜனம் சிலை வணக்கத்தை விடாததால் கர்த்தர் உங்களைச் சிதறடித்தார்" என்றார். அன்றைக்கு அம்மா எழுந்து வெளியே போனார். குண்டு போட்டவனைப் பற்றி அந்தப் பிரசங்கத்தில் ஒரு வார்த்தை இல்லை. நீங்கள் சொல்லும் உபாகமம் 28-ஐ, வீடு இழந்து வந்தவர்களின் முகத்தைப் பார்த்துச் சொல்லும்போது அது என்னவாக மாறுகிறது என்று யோசியுங்கள். தீர்க்கதரிசி தன் சொந்த ஜனத்தோடு இருந்து, அழுதுகொண்டு சொன்ன வார்த்தை அது. எரேமியாவும் இடிபாட்டுக்குள்தான் இருந்தார். வேறு ஊர்க்காரன், வயிறு நிறைந்தவன் எடுத்துச் சொல்ல எழுதப்பட்டதல்ல.

சங்கீதம் 137-ஐக் கோயிலில் பாடும்போது கின்னரங்களை அலரிச் செடிகளில் தூக்கி மாட்டியது வரைக்கும் பாடிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். கடைசி வசனம் பயங்கரமானது, பாபிலோனின் குழந்தைகளைப் பற்றியது. அதை நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் ஊரை விட்டு இழுத்துக்கொண்டு போகப்பட்ட மனுஷன் உள்ளே என்ன வைத்திருக்கிறான் என்று வேதம் மறைக்காமல் எழுதியிருக்கிறது. அந்த வசனத்தை வெட்டிவிட்டால் சிறையிருப்பு என்பது வெறும் பாட்டாகிவிடும்.

திருமங்கலம் மூப்பர்:
தம்பி, அந்தப் பிரசங்கியார் பேசியது கொடுமை. யோவான் 9-இல் பிறவிக் குருடனைப் பார்த்து இவன் செய்த பாவமா, பெற்றவர் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்டபோதே ஆண்டவர் அந்தக் கேள்வியை மறுத்துவிட்டார். எல்லா அகதியும் தண்டனை பெற்றவன் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. இஸ்ரவேலின் சிறையிருப்பு தண்டனை என்று சொல்கிறேன். அப்படிச் சொல்வது நானல்ல, தீர்க்கதரிசிகள்.

இறையியல் மாணவன்:
ஐயா, தீர்க்கதரிசிகள் அதை மட்டும் சொல்லவில்லை. எரேமியா 24-ஐப் பாருங்கள். யூதாவின் ராஜா எகொனியாவை கி.மு. 597-இல் பாபிலோனுக்குக் கொண்டுபோன பிறகு, ஆலயத்துக்கு முன்னால் இரண்டு கூடை அத்திப்பழம் காட்டப்படுகிறது. ஒன்று நல்ல பழம், ஒன்று வாயில் வைக்க முடியாத பழம். எருசலேமிலேயே தங்கியவர்கள்தான் நல்ல பழம் என்று யாரும் நினைப்போம். ஆலயம் அவர்களிடம் இருக்கிறது, பலி நடக்கிறது. ஆனால் கர்த்தர் சொல்வது தலைகீழ்: கொண்டுபோகப்பட்டவர்கள் நல்ல அத்தி, தங்கியவர்கள் கெட்ட அத்தி.

எசேக்கியேல் 11-இல் இன்னும் வெளிப்படையாக இருக்கிறது. எருசலேமில் இருப்பவர்கள் போனவர்களைப் பார்த்து, கர்த்தரை விட்டு நீங்கள் தூரமாய்ப் போய்விட்டீர்கள், தேசம் எங்களுக்கே என்கிறார்கள். அதற்கு ஆண்டவரின் பதில், அவர்கள் போன இடத்தில் நானே அவர்களுக்குச் சின்னப் பரிசுத்த ஸ்தலமாயிருப்பேன் என்பது. அதே அதிகாரத்தின் முடிவில் கர்த்தருடைய மகிமை நகரத்தை விட்டு எழும்பி, கிழக்கே இருக்கும் மலைமேல் போய் நிற்கிறது. அந்த மகிமையை எசேக்கியேல் முதலில் பார்த்ததும் ஆலயத்தில் அல்ல, சிறைப்பட்டவர்களோடு கேபார் நதிக்கரையில் இருந்தபோதுதான்.

அதனால் சிறையிருப்பு தண்டனையா இல்லையா என்பதோடு என் கேள்வி நிற்கவில்லை. தண்டனைதான், சரி. வெளியே போனவனைப் பார்த்து "நீ போய்விட்டாய், இது எங்களுடையது" என்று சொல்லும் உரிமை உள்ளே இருப்பவனுக்கு எப்போது வந்தது?

ஓரியூர் யாத்ரீகன்:
நான் கத்தோலிக்கன், குறுக்கே ஒரு வார்த்தை. ஓரியூர் செம்மண்ணை நெற்றியில் பூசி வளர்ந்தவர்கள் எங்கள் வீட்டில். மதுரை மிஷனில் உழைத்த குருவானவர் அருளானந்தரை (ஜான் டி பிரிட்டோ) 1686-இல் மறவர் நாட்டில் பிடித்து, சித்திரவதை செய்து, இனி இந்த நாட்டில் போதிக்கக் கூடாது என்று துரத்தினார்கள். ஐரோப்பா வரை போனவர் மறுபடி இங்கேயே வந்தார். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டார். வெளிப்படுத்தின விசேஷம் எழுதிய யோவானைப் பத்மு தீவில் விட்டதும் இதே மாதிரிதான். துரத்துகிறவன் பக்கம்தான் ஆண்டவர் இருக்கிறார் என்று முன்கூட்டியே வைத்துக்கொண்டு வேதத்தைத் திறக்கக் கூடாது.

மேலூர்க்காரன்:
மாணவன் கேட்ட கேள்வியிலிருந்து நான் தேடிப்போனது 2 சாமுவேல் 14. தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: தாவீதின் மகன் அப்சலோம், தன் தங்கை தாமாரைக் கெடுத்த அம்னோனைக் கொன்றுவிட்டு, கெசூருக்கு ஓடிப்போய் மூன்று வருஷம் இருக்கிறான். தாவீதின் மனம் மகனைத் தேடுகிறது, ஆனால் கூப்பிடவில்லை. தெக்கோவா ஊரிலிருந்து ஒரு புத்திசாலிப் பெண் ராஜாவிடம் வருகிறாள். தரையில் கொட்டிய தண்ணீரைத் திரும்ப அள்ள முடியாது, நாம் எல்லாரும் சாகிறவர்கள் என்கிறாள். அப்புறம் சொல்கிறாள்: துரத்துண்டவன் ஒரேயடியாகத் தம்மை விட்டு விலகிப்போகாதபடிக்குத் தேவன் வழி யோசிக்கிறார்.

இந்த வசனத்தைப் படித்துவிட்டு நான் ரொம்ப நேரம் அடுத்த பக்கம் திருப்பவில்லை. துரத்தியவரே கூட்டிச் சேர்க்க வழி தேடிக்கொண்டிருக்கிறார். எல்லாம் முடிந்தபிறகு வரும் மன்னிப்பல்ல இது. அவன் தூரதேசத்தில் இருக்கும்போதே நடக்கும் யோசனை. எரேமியா 29-இல் சிறைப்பட்டவர்களுக்குப் போன கடிதமும் அப்படித்தான். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், அந்த நகரத்தின் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கள். எழுபது வருஷம் என்று காலமும் சொல்லியாயிற்று. எங்கள் சபை தள்ளி வைப்பதில் இந்த யோசனை எங்கே?

திருமங்கலம் மூப்பர்:
பிரதர், நீங்கள் எடுத்த உதாரணமே உங்களுக்கு எதிராக நிற்கிறது. அந்தப் பெண்ணுக்கு வார்த்தை சொல்லிக்கொடுத்து அனுப்பியது தாவீதின் படைத்தலைவன் யோவாப் என்று அதே அதிகாரம் சொல்கிறது. அவள் தீர்க்கதரிசி அல்ல. சரி, அப்சலோம் திரும்பி வந்தான். வந்து என்ன செய்தான்? பட்டணத்து வாசலில் நின்று ஜனங்களின் மனதைக் கவர்ந்தான். எப்ரோனில் ராஜா என்று கொம்பு ஊதவைத்தான். சொந்தத் தகப்பன் வெறுங்காலோடு அழுதுகொண்டு ஒலிவமலை ஏறினார். கடைசியில் எப்பிராயீம் காட்டில் ஒரே நாளில் இருபதாயிரம் பேர் செத்தார்கள். மனந்திரும்புதல் இல்லாமல் திரும்பக் கூட்டி வந்தால் இதுதான் நடக்கும். இரக்கம் காட்டினேன் என்று ஒருவர் சந்தோஷப்படலாம், அதற்கு விலை கொடுப்பது சபை முழுவதும்.

ஆனையூர் முகாம்:
ஐயா, அப்சலோம் உண்மையிலேயே திரும்பி வந்தானா? எருசலேமுக்கு வந்தான். ஆனால் என் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று தாவீது உத்தரவு. இரண்டு வருஷம் அதே ஊரில் இருந்தும் அப்பா முகம் பார்க்கவில்லை. கடைசியில் யோவாபின் வாற்கோதுமை வயலுக்குத் தீ வைத்துத்தான் அவனைத் தன்னிடம் வரவழைத்தான். அவன் செய்த கலகம் தப்புதான். ஆனால் மூன்று வருஷம் கெசூர், இரண்டு வருஷம் வாசலுக்கு வெளியே, இதில் எது அவனைக் கெடுத்தது? ஊருக்குள் இருந்தும் ஊர்க்காரன் ஆகாமல் இருப்பது என்னவென்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடம், ரேஷன் எல்லாம் இருக்கிறது. நிலம் வாங்கப் போனால் நீ யார் என்று கேட்கிறார்கள். வீடு கட்டுங்கள் என்ற எரேமியாவின் கடிதத்தை நாங்கள் அதனால்தான் அத்தனை ஏக்கத்தோடு வாசிக்கிறோம்.

திருமங்கலம் மூப்பர்:
அப்போது 1 கொரிந்தியர் 5-ஐ என்ன செய்வது? தகப்பனுடைய மனைவியை வைத்திருந்தவனை உங்களைவிட்டு நீக்குங்கள் என்று பவுல் தெளிவாக எழுதுகிறார். புளித்த மா கொஞ்சம் இருந்தாலும் பிசைந்த மா முழுவதையும் புளிக்க வைக்கும். இது பாபிலோன் அல்ல, நம்மைப்போன்ற சபை.

இறையியல் மாணவன்:
அதே வாக்கியத்தில் நோக்கமும் இருக்கிறது ஐயா, அவன் ஆவி இரட்சிக்கப்படும்படி. 2 கொரிந்தியர் 2-இல் ஒருவனுக்கு அந்தத் தண்டனை போதும், துக்கத்தில் மூழ்கிவிடாதபடி அவனை மன்னித்துத் தேற்றுங்கள் என்று எழுதுகிறார். அதே ஆளா, வேறு ஆளா என்பதில் அறிஞர்களுக்குள் ஒரே கருத்து இல்லை. யாராக இருந்தாலும், போதும் என்று சொல்லும் ஒரு நாள் பவுலிடம் இருந்தது. அதோடு மகளின் கல்யாணத்துக்குப் போனதும் கொரிந்துவில் நடந்ததும் ஒன்றா? இயேசு நகர வாசலுக்கு வெளியே பாடுபட்டார், நாமும் பாளயத்துக்குப் புறம்பே அவரிடம் போவோம் என்கிறது எபிரெயர் 13. சபை யாரையாவது வெளியே வைக்கும்போது அவரும் அங்கேதானே நிற்கிறார்?

மேலூர்க்காரன்:
நான் கமிட்டிக்கு எழுத்தில் கொடுக்கப்போகிறேன். எண்ணாகமம் 12-இல் மோசேக்கு விரோதமாகப் பேசிய மிரியாம் குஷ்டரோகியாகி ஏழு நாள் பாளயத்துக்குப் புறம்பே இருந்தாள். அவளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும் வரைக்கும் ஜனங்கள் பிரயாணம் பண்ணாமல் காத்திருந்தார்கள். தண்டனைக்கு நாள் குறித்திருந்தது, அந்த நாள் முடியும் வரை சபையும் நகரவில்லை. எங்கள் சபையிலோ தள்ளி வைத்த அன்றிலிருந்து அந்த வீட்டுப் படியை ஒரு மூப்பர்கூட மிதிக்கவில்லை. எத்தனை நாள் என்று கேட்பேன், யார் போய்ப் பார்க்கிறார்கள் என்றும் கேட்பேன்.

திருமங்கலம் மூப்பர்:
உங்களோடு நான் இன்னும் உடன்படவில்லை. அந்நிய நுகத்தைப் பற்றி, அதாவது விசுவாசியாதவர்களோடு பிணைக்கப்படக் கூடாது என்று, பவுல் எழுதியதைச் சபை விட்டுவிட முடியாது. ஆனால் போய்ப் பார்க்காத மூப்பர்களை நான் தாங்கிப் பேச மாட்டேன். நீக்குவது எங்கள் பொறுப்பு என்றால், அந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசுவதும் எங்கள் பொறுப்பு. மனுவில் நாள் மட்டும் கேட்காதீர்கள். நாள் மட்டும் ஓடி முடிந்தால் அது ஜெயில் தண்டனை மாதிரி ஆகிவிடும். பெற்றவர்கள் செய்ததில் எது பாவம் என்று வசனத்தோடு எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத முடியாவிட்டால் அன்றைக்கே திருவிருந்து கொடுக்கச் சொல்லுங்கள்.