புல்தரை, உரம், மண் பரிசோதனை: உங்கள் அனுபவம்?

கோவைக்காரன்:
கொரியன் புல், 600 சதுர அடி. மஞ்சளடிக்க ஆரம்பித்ததும் கேட்டவர்கள் எல்லாரும் சொன்னது ஒன்றுதான், யூரியா. மூன்று கிலோவைக் கையாலேயே வீசினேன், அதுவும் காலைப் பனி காயாத புல்லில். மூன்றாம் நாள் பால் பாக்கெட் எடுக்க வெளியே வந்தால், என் கை வீசிய அதே வளைவில் பட்டை பட்டையாகக் கருகிக் கிடக்கிறது. கேட் பக்கம் போன் பேசிக்கொண்டே நின்ற இடத்தில் மட்டும் முழு வட்டம். எதிர்வீட்டு அம்மா, "புல்லுக்குச் சூடு போட்டீங்களா தம்பி?" என்றார். அதற்கப்புறம்தான் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். கார அமில நிலை (pH) 8.6, அதாவது நல்ல கார மண். மஞ்சளுக்குக் காரணம் இரும்புச்சத்துக் குறை. வெளுத்தது கொழுந்து இலைதான், அடி இலை பச்சையாகவே இருந்தது. அதையாவது குனிந்து பார்த்திருக்கலாம்.

திருச்சி செம்மண்:
நான் பரிசோதனை செய்தும் ஏமாந்தவன். மண்வெட்டிக்கு இளகிக் கொடுத்த இடத்தில் ஒரே ஒரு குழி தோண்டி, பையில் போட்டுக் கொண்டுபோனேன். அங்கிருந்தவர் பையைப் பிரித்தார். விரலை விட்டுத் துழாவி ஒரு முட்டை ஓட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்றுமே சொல்லவில்லை. பழைய குப்பைக்குழியை மூடிய இடம் அது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அடுத்த தடவை எட்டு இடங்களில் எடுத்து, நிழலில் உலர்த்தி, கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர் பங்கைத் தள்ளித் தள்ளி அரைக் கிலோவாக்கிக் கொடுத்தேன். அந்த ஓடு மட்டும் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

எடிசன், நியூ ஜெர்சி:
இங்கே கதை தலைகீழ். மண் புளிப்பு என்று பக்கத்து வீட்டுக்காரர் ஒவ்வோர் இலையுதிர் காலமும் சுண்ணாம்பு போடுவார். நானும் போட்டேன், நான்கு வருடம். பரிசோதனையில் pH 7.4 வந்தது. புல்லுக்கு 6.5 பக்கம் இருந்தாலே போதும். வாங்கி வைத்த ஆறு மூட்டை கராஜில் அப்படியே நிற்கிறது. இன்னொரு கூத்து, உரப்பையில் மணிச்சத்தைக் குறிக்கும் நடு எண் பூஜ்யமாக இருக்கிறதே, ஏமாற்றுகிறார்கள் என்று கடைப் பையனிடம் சண்டை போட்டேன். 2011-இல் வந்த சட்டப்படி, பழைய புல்தரைக்கு மணிச்சத்து போட வேண்டுமென்றால் மண் பரிசோதனையில் குறை தெரிந்திருக்க வேண்டுமாம்.

களைக்கொத்தி:
முதலில் எழுதியவருக்கு. யூரியாமீது பழி போடாதீர்கள். 1000 சதுர அடிக்கு ஒரு தடவைக்கு ஒரு கிலோ போதும். உங்கள் இடத்துக்கு 600 கிராம். போட்டது ஐந்து மடங்கு, அதுவும் ஈரப் புல்லில். காய்ந்த புல்லில் தூவி உடனே தண்ணீர் விட வேண்டும். 8.6 மண்ணுக்கு யூரியாவைவிட அம்மோனியம் சல்பேட் நல்லது. தழைச்சத்து யூரியாவில் 46 சதவீதம், இதில் 21 சதவீதம்தான், அதனால் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் மேலே போடுங்கள். இரும்புச்சத்துக்கான அன்னபேதியை (இரும்பு சல்பேட்) மண்ணில் கொட்டாதீர்கள், கார மண் அதைச் சீக்கிரமே கட்டிப் போட்டுவிடும். லிட்டருக்கு 5 கிராம், சாயங்காலம், இலைமேல் தெளிக்க வேண்டும். முதலில் ஒரு மூலையில் மட்டும். அப்புறம் போர் தண்ணீரையும் பரிசோதியுங்கள். பைகார்பனேட் கூடுதலாக இருந்தால், நீங்கள் மண்ணுக்கு எது செய்தாலும் தண்ணீர் அதைப் பழையபடி காரமாக்கிக்கொண்டே இருக்கும். அந்த எட்டு இடம் என்றாரே, அதுவும் மர நிழலையும் வரப்போரத்தையும் விட்டு எடுத்திருக்க வேண்டும். என் அனுபவமா? அன்னபேதி தெளித்தபோது வாசல் டைல்ஸில் பட்டுவிட்டது. துருக்கறை. வீட்டில் இன்னும் பேச்சு வாங்குகிறேன்.

கோவைக்காரன்:
அண்ணா, நான் யோசனையே கேட்கவில்லையே. இருந்தாலும் அந்த டைல்ஸ் விஷயம் நல்ல நேரத்தில் சொன்னீர்கள், நாளைக்குத்தான் தெளிப்பதாக இருந்தேன். பட்டைகள் மூடிவிட்டன. கேட் பக்கத்து வட்டம் மட்டும் பாதிதான் படர்ந்திருக்கிறது, தெருநாய் அதில் படுக்கப் பழகிவிட்டது.