மறு: கிராஃபிக்ஸ் கார்டின் ‘பவர்’: திறனா, இழுப்பா, வலுவா?

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வன்பொருள் ஆய்வகக் கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது, ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். ஆர்.டி.எக்ஸ். 5090 கிராஃபிக்ஸ் அட்டையின் விவரப் பட்டியலில் என்விடியா இரண்டு வரி கொடுத்திருக்கிறது. டோட்டல் கிராஃபிக்ஸ் பவர் 575 வாட் (அட்டை எடுக்கும் மின்சாரம்), ரிக்வயர்டு சிஸ்டம் பவர் 1000 வாட் (கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ்., அதாவது மின்வழங்கி, தர வேண்டியது). பவர் என்றால் திறன் என்று பள்ளியில் படித்ததுதானே என்று முதல் வரியை ‘மொத்த வரைகலைத் திறன்’ என்று எழுதி வகுப்பில் கொடுத்தேன். முந்தைய 4090 அட்டைக்கு 450, 5090க்கு 575, அப்படியென்றால் படம் கால்பங்கு கூடுதலாக நன்றாகத் தெரியுமா மேடம் என்று ஒரு பையன் கேட்டான். அவன் மேல் தப்பே இல்லை, நான் எழுதியது அப்படித்தான் படிக்க வருகிறது. முந்தைய பதிப்பில் டி.டி.பி.யை (தெர்மல் டிசைன் பவர்) ‘வெப்ப வடிவமைப்புத் திறன்’ என்று போட்டிருக்கிறோம், அதையும் வெப்பத்தை வடிவமைக்கும் சாமர்த்தியம் என்றுதான் யாரும் படிப்பார்கள்.

இந்தப் பாடத்தில் பையன்கள் கற்க வேண்டியது ஒரு கூட்டல் கணக்கு. மதர்போர்டில் அட்டை செருகும் ஸ்லாட் வழியாக 75 வாட், எட்டு முனை இணைப்பி ஒன்றுக்கு 150 வாட், இந்த அட்டைக்கு இவ்வளவு, அதற்கேற்ற எஸ்.எம்.பி.எஸ். எது என்று பார்க்கத் தெரிய வேண்டும். சொல் அதற்கு உதவ வேண்டும். வழி சொல்லுங்கள்.

– திருச்சி, பாலிடெக்னிக் ஆசிரியை

*

மேடம், கடையில் நாங்கள் யாரும் திறன் என்று சொல்வதில்லை. ‘இந்தக் கார்டு எவ்வளவு இழுக்கும்?’ இதுதான் வாடிக்கையாளர் கேட்பது. மின்னிழுப்பு என்று போடுங்கள், முதலாம் ஆண்டுப் பையனுக்கும் புரியும்.

இது வெறும் பேச்சு வழக்கு என்று தள்ளிவிட வேண்டாம். 575 வாட்டை 12 வோல்ட்டில் கொண்டுவர வேண்டுமென்றால் ஏறக்குறைய 48 ஆம்பியர். கிட்டத்தட்ட அது முழுவதும் ஒரு சின்ன இணைப்பியின் ஆறு முனைகள் வழியாகப் போகிறது, முனை ஒன்றுக்கு எட்டு ஆம்பியர். ஒரு முனை சரியாகப் பொருந்தாவிட்டால் அதன் பங்கையும் மற்றவை சுமந்து சூடேறும். 2022இல் 4090 வந்த புதிதில் இணைப்பிகள் உருகிய செய்தி எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்புறம்தான் கேபிள் பொருந்தியதை அறியும் சின்ன உணர்முனைகளைக் குட்டையாக்கி, கேபிள் முழுதாக உள்ளே போகாவிட்டால் அட்டை ஓடாதபடி மாற்றினார்கள். அட்டை இழுக்கிறது, கேபிள் தாங்குகிறது. ஆபத்து எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை இழுப்பு என்ற சொல்லே காட்டிவிடுகிறது.

– கோவை

*

> மின்னிழுப்பு என்று போடுங்கள்

தம்பி, இழுப்பு என்றால் எங்கள் பக்கம் மூச்சிரைப்பு நோய். குழந்தைக்கு இழுப்பு வந்துவிட்டது என்றால் வீடே பதறும். பாடநூலில் அது வேண்டாம்.

ஆனால் நீங்கள் தொட்ட இடம் சரியான இடம். வல் என்ற வேரைப் பாருங்கள். வலி, வலு, வலிமை, வல்லமை, வல்லினம் எல்லாம் அதில் கிளைத்தவை. அம்மா எழுதிய ‘வன்பொருள்’ என்பதில் இருக்கும் வன்னும் அதுவே. திருக்குறளில் வலியறிதல் என்று ஓர் அதிகாரமே இருக்கிறது, அங்கே வலி என்றால் பலம், நோவு இல்லை. இன்னொன்று, வலித்தல் என்றால் இழுத்தல். துடுப்பு வலிக்கிறான் என்று இன்றும் சொல்கிறோம். மலையாளத்தில் வலிக்குக என்றாலே இழுப்பதுதான். ஆக பலமும் இழுப்பும் தமிழில் ஒரே வேரில் கிடக்கின்றன. வேறு சொல் தேடவே வேண்டாம், ‘மின்வலி’ என்று ஆளலாம். தலைவலி நினைவுக்கு வருமே என்று அஞ்ச வேண்டியதில்லை. பழம்பொருளை மீட்டெடுப்பதும் கலைச்சொல் பணியில் ஒரு பகுதிதான். வல்லினத்துக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்த்தால்... சரி, அதைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

– மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

*

ஐயா, மீட்டெடுக்க வேண்டிய தேவை எங்களுக்கு வரவே இல்லை. இலங்கைப் பாடப்புத்தகத்தில் பவர் என்பது வலுதான். குதிரைவலு, மின்வலு என்று உயர்தர வகுப்பு மாணவர் தினமும் எழுதுகிறார்கள். நீங்கள் ஆற்றல் என்பதை நாங்கள் சக்தி என்கிறோம், நீங்கள் பயனுறுதிறன் என்பதை வினைத்திறன் என்கிறோம். விசையில் மட்டும் இரண்டு கரையும் ஒன்றாக நிற்கிறது. சக்தி வடசொல் என்று இங்கே முன்பு ஒருமுறை குறை சொன்னீர்கள். வலு தூய தமிழ், அளவும் சரி, திறமையோடு குழம்பவும் குழம்பாது. பிறகு என்ன தடை? ‘அட்டையின் மின்வலு 575 வாற்று’ என்று எழுதுவதில் ஒரு குழப்பமும் இல்லை.

– யாழ்ப்பாணம்

*

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு முழுக்க இதுதான் ஓடிக்கொண்டிருந்தது. ‘மின்நுகர்வு’ போடலாமே என்று தனி மடலில் இரண்டு பேர் எழுதினார்கள். அது வேண்டாம் என்று உறுதியாகவே நினைக்கிறேன். நுகர்வு என்றதும் பையன்களுக்கு மின்கட்டண யூனிட் கணக்கு ஞாபகம் வரும். 575 வாட் அட்டை நான்கு மணி நேரம் முழு மூச்சாக ஓடினால் 2.3 யூனிட், நுகர்வு என்பது அது. வாட் என்பது இந்த நொடிக்கு எவ்வளவு என்ற கணக்கு. இந்த வேறுபாடு மனத்தில் பதியாமல் எஸ்.எம்.பி.எஸ். தேர்ந்தெடுக்கச் சொல்லித்தர முடியாது.

வலு எனக்குப் பிடித்திருக்கிறது, ஒளிக்காமல் சொல்கிறேன். ஆனால் எங்கள் பையன்கள் பத்தாம் வகுப்பு வரை திறன் என்றே படித்து வந்தவர்கள். ஒரே கையேட்டில், அதுவும் ஐந்தாம் பாடத்தில் மட்டும், அதை மாற்றினால் தேர்வுத்தாளில் தடுமாறுவார்கள்.

அதனால் ‘மின்தேவை’ என்று போடுகிறேன். செய்தித்தாளில் தினமும் வரும் சொல். 2024 கோடையில் தமிழகத்தின் மின்தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டியது என்று படித்தோமே, அதுவும் வாட் கணக்குதான், யூனிட் கணக்கு இல்லை. ஆகவே அளவும் இடறாது. அட்டையின் மின்தேவை 575 வாட், மின்வழங்கி குறைந்தது 1000 வாட். அடிக்குறிப்பில் ‘இலங்கை வழக்கு: மின்வலு’ என்று சேர்க்கிறேன். இதுவரை ஆறு பேர் சரி என்று எழுதிவிட்டார்கள்.

– திருச்சி

*

> அட்டையின் மின்தேவை 575 வாட்

மேடம், அச்சுக்குப் போகும் முன் ஒரு வார்த்தை. 575 என்பது ‘தேவை’ அல்ல, வரம்பு. மென்பொருளில் அந்த வரம்பை 450க்கு இறக்கிவிட்டாலும் அதே அட்டை ஓடும், வேகமும் அதே அளவுக்குக் குறைந்துவிடாது. தேவை 575 என்றால் அதற்குக் கீழே ஓடவே ஓடாது என்றல்லவா பையன் நினைப்பான்? 575க்கு மேலேயும் அந்தச் சொல் சரிப்பட்டு வராது. ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்கு மின்வழங்கி தன் அளவைப்போல் இரண்டு மடங்கு தாங்க வேண்டும் என்று மின்வழங்கிகளுக்கான ஏ.டி.எக்ஸ். 3.0 தரத்தில் எழுதி வைத்திருப்பதே அட்டைகள் திடீரென்று எகிறி இழுப்பதால்தான். அந்த எகிறலுக்கு என்ன பேர் வைக்கப் போகிறீர்கள்? தேவை என்று தொடங்கிவிட்டால் அடுத்த பாடத்தில் ‘கணநேர உச்சத் தேவை’ என்று நீட்ட வேண்டியிருக்கும். இழுப்பு, இழுப்பு வரம்பு, திடீர் இழுப்பு, மூன்றும் ஒரே சொல்லில் முடிந்துவிடும். நோயின் பேர் என்று ஐயா சொன்னதை நானும் யோசித்துப் பார்த்தேன், ‘மின்’ முன்னால் நிற்கும்போது யாருக்கும் அந்த நினைப்பு வராது என்றே இப்போதும் நம்புகிறேன்.

பெரும்பான்மை மின்தேவை என்றால் அப்படியே அச்சிடுங்கள். ‘உச்ச மின்தேவை’ என்றாவது போட முடியுமா என்று பாருங்கள். கடையில் நாங்கள் இழுப்பு என்றேதான் சொல்லிக்கொண்டிருப்போம்.

– கோவை