பிள்ளையின் பிறந்தநாளில் நடந்த ஒன்று மனதை விட்டுப் போகவில்லையா? இங்கே சொல்லுங்கள்

பாளையங்கோட்டை அம்மா:
மகளுக்குப் போன வாரம் நாலு வயது முடிந்தது. கேக், பலூன், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் வழக்கம்போலத்தான், அதைச் சொல்ல வரவில்லை. மெழுகுவர்த்தி ஏற்றியாச்சு, எல்லாரும் "ஊது, ஊது" என்று சத்தம் போடுகிறார்கள், இவள் ஊதவில்லை. கூச்சப்படுகிறாள் என்று நினைத்து என் நாத்தனார் குனிந்து வாயைக் குவித்துக் காட்டினார். இவள் திரும்பி என் மாமியாரைப் பார்த்து, "ஆச்சி, விளக்கை வாயால ஊதக் கூடாதுல்லா?" என்று கேட்டாள். தினமும் ஆச்சி பூவால் விளக்கை அமர்த்தும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறவள். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. கத்தியை மேசையில் வைத்துவிட்டு பூஜை அறைக்கு ஓடினாள், ஒரு பிச்சிப்பூவை எடுத்துக்கொண்டு திரும்பி வருவதற்குள் கூட்டத்தில் யாரோ ஊதி அணைத்துவிட்டார்கள்.

கையில் பூவோடு அப்படியே நின்றாள். அழவில்லை. "அது என் மெழுகுவர்த்தி" என்றாள், அவ்வளவுதான். மறுபடி ஏற்றலாம் என்று நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை, நேரமாகுது வெட்டுங்க என்று நாலு பக்கமும் குரல். வெட்டினாள், ஊட்டினாள், போட்டோவுக்கு நின்றாள். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. போன வருஷம் என்ன சொன்னாலும் செய்த பிள்ளை. இது சரி, இது சரியில்லை என்று தனக்குள்ளேயே ஒரு தீர்மானம் இவளுக்கு எப்போது வந்தது, பக்கத்திலேயே இருக்கும் எனக்கு எப்படித் தெரியாமல் போனது? உங்கள் வீடுகளிலும் இப்படி நடந்திருக்குமே, சொல்லுங்கள்.

கோவை, இரட்டைப் பையன்களின் அம்மா:
நடந்திருக்கிறதுங்க. எங்களுக்கு இரட்டை, அஞ்சாவது பிறந்தநாள். பிறந்ததிலிருந்து ஒரே துணி, ஒரே கேக், அதில் ரெண்டு பேர். இந்த முறை சின்னவன் கத்தியை வாங்கி, ரெண்டு பேருக்கும் நடுவில் சரியாக ஒரு கோடு வெட்டினான். அப்புறம் தன் பாதியை அட்டையோடு சேர்த்து இழுத்தான், வரவில்லை. தட்டு கொண்டு வரச் சொல்லி, தன் பங்கைக் கையால் அள்ளி வைத்து, டிவி பக்கத்தில் இருந்த ஸ்டூலுக்குக் கொண்டுபோய், "இப்போ எனக்கு மட்டும் பாடுங்க" என்றான். பெரியவன் அழுவான் என்று நினைத்தேன். அவன் ஓடிப்போய்த் தம்பி பக்கத்தில் நின்று எல்லாரையும்விடச் சத்தமாகப் பாடினான். அன்றிலிருந்து ஒரே மாதிரி துணி எடுப்பதை நிறுத்திவிட்டோம். சின்னவனுக்கு மஞ்சள் பிடிக்கும் என்பதே அதற்கப்புறம்தான் தெரிய வந்தது.

ஸ்ரீரங்கம் தாத்தா:
பாளையங்கோட்டை அம்மாவுக்கு: குழந்தை கேட்டதில் என்ன தவறு? விளக்கை ஊதி அணைக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லிக்கொடுத்துவிட்டு, அவளுடைய நாளிலேயே ஊதச் சொன்னால் அது எதை நம்பும்? தேதிப் பிறந்தநாளை நான் குறை சொல்லவில்லை, ஆனால் நட்சத்திரப் பிறந்தநாள் என்று ஒன்று நமக்கு இருக்கிறதே. சந்திரன் 27 நட்சத்திரங்களையும் சுற்றிவர 27 நாளுக்குக் கொஞ்சம் மேல் ஆகிறது, தமிழ் மாதமோ 29 முதல் 32 நாள் வரை போகும், அதனால் சில வருஷம் ஒரே மாதத்தில் அந்த நட்சத்திரம் ரெண்டு தடவை வரும். எங்கள் வீட்டில் ரெண்டாவதைத்தான் எடுப்போம். அன்றைக்குக் காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, கோயிலில் பெயர், நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை, வீட்டில் பாயசம். ஊதவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம், ஏற்றினால் போதும். போன ஆவணியில் என் பேத்தி அர்ச்சகரிடம் தன் பெயரைத் தானே சொல்வேன் என்று நின்றாள். நான் வாயைத் திறந்ததும் என் வாயைப் பொத்தினாள். நட்சத்திரம் உத்திரட்டாதி, அது அவள் வாயில் முழுதாக வரவில்லை, ஆனாலும் சொல்லி முடிக்கும்வரை அர்ச்சகர் பொறுமையாகக் காத்திருந்தார்.

மதுரை அப்பா:
தாத்தா சொல்வதில் பாதி சரி. மெழுகுவர்த்தி ஆசையாக வைக்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள், அவர்களிடம் அதைப் பிடுங்க வேண்டியதில்லை. ஆனால் ஊத வேண்டாம் என்பதற்கு வேறு காரணமும் உண்டு. அமெரிக்காவில் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்து 2017இல் வெளியிட்டார்கள், ஊதிய பிறகு கேக் மேல் பூச்சில் பாக்டீரியா சராசரியாக 1400 சதவீதம் கூடியிருந்தது. பெரும்பாலும் அதனால் நோய் வராது, ஆனாலும் சளி பிடித்த பிள்ளை ஊதினால் யோசியுங்கள்.

என் கதை சின்னது. மகனின் ஆறாவது பிறந்தநாளில் யாரோ ஸ்நோ ஸ்ப்ரேயை எரிகிற மெழுகுவர்த்தி பக்கமாக அடித்தார்கள், குப்பென்று ஒரு தீ எழுந்து ஒரே நொடியில் அடங்கியது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. மகன் டப்பாவை அவர் கையிலிருந்து வாங்கி, வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, "இனிமே இது நம்ம வீட்ல வேண்டாம்ப்பா" என்றான்.

இதைப் படிக்கிற எல்லாரும் தயவுசெய்து கவனியுங்கள். அந்த நுரையைத் தள்ளிக்கொண்டு வருவது பெரும்பாலும் புரொப்பேன், பியூட்டேன், அதாவது நம் அடுப்பு எரிகிற அதே வாயு. தீ இருக்கும் இடத்தில் அதை எடுக்கவே கூடாது. பறக்கும் பலூன் வாங்கினால் உள்ளே ஹீலியமா என்று கேளுங்கள். விலை குறைவு என்று ஹைட்ரஜன் அடைத்துத் தருகிறவர்கள் உண்டு, அது தீப்பொறி பட்டால் வெடிக்கும், ஹீலியம் எரியவே எரியாது. பலூன் உடைந்ததும் துண்டுகளை உடனே பொறுக்குங்கள், பிள்ளைகள் வாயில் போட்டு இழுத்தால் ரப்பர் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும், எட்டு வயதுக்கு உட்பட்டவர்கள் விஷயத்தில் பலூன் பாக்கெட்டிலேயே இந்த எச்சரிக்கை போடுகிறார்கள். நாலு வயதுக்குக் கீழே இருந்தால் முழு திராட்சை, முழு நிலக்கடலை வேண்டாம், திராட்சையை நீளவாக்கில் நறுக்கிக் கொடுங்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு நாக்கில் தேன் தடவுவதும் வேண்டவே வேண்டாம். யாரும் கேட்கவில்லைதான், ஆனால் அந்தத் தீயைப் பார்த்தவன் நான்.

ஷார்ஜாவிலிருந்து:
மகளின் மூணாவது பிறந்தநாளுக்கு லீவு கிடைத்து ஊருக்குப் போயிருந்தேன். எதிர் வீட்டுப் பையன் என்னைக் காட்டி யார் என்று கேட்டான். "இது எங்க போன்ல வர்ற அப்பா" என்றாள். பெருமையாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். திரும்பி வந்து வேலையில் சேர்ந்துவிட்டேன், அந்த விரல் இன்னும் கன்னத்தில் இருக்கிறது. வேறு எதுவும் எழுத வரவில்லை.

தஞ்சாவூர் டீச்சர்:
ஷார்ஜா அண்ணா, பெருமையாகச் சொன்னாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

மதுரை சார், நீங்கள் சொன்ன எச்சரிக்கை எல்லாம் தேவைதான், ஆனால் அந்தப் பிள்ளை கிருமிக்காக நிற்கவில்லையே. ஆச்சி ஒன்றை மதிக்கிறார், நானும் மதிப்பேன் என்று நின்றாள். மழலையர் வகுப்பில் இருப்பதால் இதை அடிக்கடி பார்க்கிறேன். 1983இல் விம்மர், பெர்னர் என்று ரெண்டு பேர் ஒரு கதையை வைத்துச் சோதனை செய்தார்கள். ஒரு பையன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான், அவன் இல்லாதபோது அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றுகிறார், அவன் வந்ததும் எங்கே தேடுவான்? மூணு வயதுப் பிள்ளைகள் சாக்லேட் இப்போது இருக்கும் இடத்தைத்தான் சொன்னார்கள். நாலு, ஐந்து வயது ஆக ஆக, அவன் வைத்த இடத்தில்தானே தேடுவான் என்று சொல்லத் தொடங்கினார்கள். அடுத்தவர் மனதுக்குள் வேறொன்று இருக்கும் என்பது ஏறத்தாழ அந்த வயதில்தான் பிடிபடுகிறது.

என் வகுப்பில் ஒரு பையன் பிறந்தநாளன்று கலர் டிரஸ்ஸில் வந்து எல்லாருக்கும் டாஃபி கொடுத்தான், ஒரு பிள்ளைக்கு மட்டும் கொடுக்காமல் தாண்டிப் போனான். சண்டையோ என்று கூப்பிட்டுக் கேட்டேன். "அவனுக்கு இருமல் மிஸ், அவங்க அம்மா கொடுக்கக் கூடாதுன்னு நேத்து சொன்னாங்க" என்றான். வாசலில் அந்த அம்மா என்னிடம் சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறான். அப்புறம் தன் பாக்ஸைத் திறந்து, பாதி தேய்ந்த தன் ரப்பரை எடுத்து அவனிடம் கொடுத்தான்.

சேலம் அம்மா:
எங்கள் வீட்டில் வேறு மாதிரி. மகனின் அஞ்சாவது பிறந்தநாளுக்கு வந்த கவர்களை வழக்கம்போல நான் வாங்கிப் பீரோவில் வைக்கப்போனேன், விடவில்லை. அவன் தாத்தா கல்யாண வீடுகளில் மொய் எழுதுவதைப் பார்த்திருக்கிறான், நோட்டு கேட்டான். பெயர் எழுதத் தெரியாது, தொகையும் தெரியாது. அதனால் கொடுத்தவரின் படத்தை வரைந்து, பக்கத்தில் கவரின் நிறத்தை கிரேயானால் தீட்டி வைத்தான். மாமாவுக்குப் பெரிய மீசை, பக்கத்தில் சிவப்பு. விளையாட்டு என்றுதான் நினைத்தோம். இந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுப் பாப்பாவுக்குப் பிறந்தநாள், நேற்று நோட்டை எடுத்துப் புரட்டி, "அவங்க நமக்கு நீலக் கவர் கொடுத்தாங்கம்மா, நாமளும் நீலம்தான் கொடுக்கணும்" என்கிறான். வெள்ளையும் மஞ்சளும் காட்டினேன், தலையை ஆட்டிவிட்டான். நாலு ரோட்டுப் பக்கம் தேடியாச்சு, கிடைக்கவில்லை. நீலக் கவர் எங்கே கிடைக்கும் என்று தெரிந்த சேலத்துக்காரர்கள் யாராவது இருந்தால் சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.