டிசைன் பட்டம் படிக்கலாமா என்று கேட்ட தம்பிக்கு, ஹட்டனில் இருந்து

தம்பி, உங்கள் கேள்வியை மெல்பேர்னில் இருந்தபோதே பார்த்துவிட்டேன். பதில் எழுத நேரம் கிடைத்தது விடுமுறையில் இலங்கை மலையகத்து ஹட்டனுக்கு வந்த பிறகுதான். சிவனொளிபாத மலை யாத்திரைக் காலம். பஸ் நிலையத்தில் கால் வைக்க இடமில்லை. இரவெல்லாம் மஸ்கெலியாப் பக்கம் போகும் வண்டிகளின் இரைச்சல். தூக்கம் வராததும் ஒரு வகையில் நல்லதுதான், இதை எழுதி முடிக்கலாம்.

நீங்கள் இரண்டு கேள்விகளை ஒரே மூட்டையாகக் கட்டியிருக்கிறீர்கள். மனைவியின் தாதியர் தகுதியால் நிரந்தர வதிவிடத்துடன் நான்கு மாதத்துக்கு முன் அவுஸ்திரேலியாவில் வந்து இறங்கிய நீங்கள், முப்பது வயதில் டிசைன் பட்டம் படிக்கலாமா? உயர்தரம் எழுதிவிட்டுக் கொட்டகலையில் இருக்கும் தங்கச்சியை அதே படிப்புக்கு அவுஸ்திரேலியாவுக்கு அழைக்கலாமா? படிப்பு ஒன்றுதான், விலைதான் இரண்டு. எந்தப் பல்கலைக்கழகம் என்று ஆராய்வதற்கு முன், சேரும் நாளில் கையில் இருக்கப்போகும் விசா எது என்று பாருங்கள். கணக்கில் முக்கால்வாசி அங்கேயே முடிந்துவிடும்.

தங்கச்சியின் கணக்கை முதலில் பார்ப்போம். மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்கும் கட்டணம் 2025 ஜூலை முதல் 2,000 அவுஸ்திரேலிய டொலர். விசா மறுக்கப்பட்டாலும் அது திரும்பி வராது. டொலருக்கு 200 ரூபாய் என்று குறைத்து வைத்தாலும் நான்கு இலட்சம். 2024இல் தேயிலைத் தோட்டத்துக்கு நிர்ணயித்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் வகுத்துப் பாருங்கள், ஏறத்தாழ முந்நூறு பேர், அதாவது முந்நூறு நாட்கூலி. உங்கள் அம்மா ஒரு வருடம் முழுக்க மலைக்குக் கொழுந்து பறிக்கப் போய், ஒரு நாளும் அரைப்பேர் (அரைநாள் கூலி) வாங்காமல், அரிசி மாவுக்குக்கூடக் காசு எடுக்காமல் இருந்தால், விண்ணப்பத்தைக் கொடுக்கலாம். கொடுக்க மட்டும்தான்.

அதற்கு மேல், ஒரு வருட வாழ்க்கைச் செலவுக்கு 29,710 டொலர் இருக்கிறது என்று காட்ட வேண்டும். அதே சம்பளத்தில் இது பதினான்கு வருட உழைப்பைத் தாண்டும். படிப்புக் கட்டணம் தனி. வெளிநாட்டு மாணவர்களுக்கு வருடத்துக்கு 40,000 டொலரைச் சுற்றி, மூன்று வருடம். வகுப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய முடியாது. ஆகவே, அங்கே போய் உழைத்துக் கட்டிக்கொள்வாள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

காணியும் உறுதிப்பத்திரமும் உள்ள குடும்பம் வங்கிக்குப் போகும். நமக்கு லயத்துக் காம்பராவுக்கு (தோட்டத்து வரிசை வீட்டறைக்கு) உறுதி ஏது? எதை ஈடு வைப்பது? நகை, சீட்டு, வட்டிக் கடன், கடைசியில் அப்பாவின் சேமலாப நிதி என்றுதான் போக வேண்டியிருக்கும். ஓய்வுக்காகச் சேர்ந்த பணத்தை ஒரு விசா அதிகாரியின் முடிவில் வைப்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

படித்து முடித்தபின் என்ன என்பதையும் யோசியுங்கள். இளமாணிப் பட்டத்துக்குப் பிறகு வேலை தேடத் தரும் தற்காலிக விசா பொதுவாக இரண்டு வருடம். அதன்பின் நிரந்தரமாகத் தங்க வழி வேண்டும். யாருடைய பரிந்துரையும் இல்லாமல் புள்ளிகளை வைத்தே விண்ணப்பிக்கும் 189ஆம் இலக்க விசாவின் தொழில் பட்டியலில் கட்டடக் கலைஞர் இருக்கிறார், கிராஃபிக் டிசைனர் இல்லை. மாநிலமோ முதலாளியோ கைகொடுத்தால்தான் உண்டு. கொழும்பில் முகவர் அலுவலகம் வைத்திருப்பவர்கள் சுவரில் சிட்னிப் பாலத்தின் படத்தை மாட்டியிருப்பார்கள். இந்தப் பட்டியலை மாட்டியிருக்க மாட்டார்கள்.

அவளுக்கு என் யோசனை மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் நான்கு வருட டிசைன் பட்டம். அரசாங்கப் பல்கலைக்கழகம், கல்விக் கட்டணம் இல்லை. மகாபொல என்ற அரசு உதவித்தொகை கிடைத்தால், 2025 கணக்கில் மாதம் 7,500 ரூபாய். போதாது, ஆனால் பஸ்ஸுக்கும் தாளுக்கும் ஆகும். அங்கே உயர்தரப் பெறுபேறு மட்டும் போதாது. தனியாக விண்ணப்பித்து உளச்சார்புப் பரீட்சை எழுத வேண்டும். நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் தவறவிடுவது இதைத்தான். பிறகு பார்ப்போம் என்று இருப்பார்கள், அறிவித்தல் வந்து போயிருக்கும். பத்திரிகை விளம்பரத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். கற்பித்தல் ஆங்கிலத்தில் என்பதால் இப்போதே பழக வேண்டும். தமிழ்ச் சூழல் வேண்டுமென்றால் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் காண்கலைப் பட்டங்கள் இருக்கின்றன. அவை கலைப் பக்கம் சாய்ந்தவை, பொருள் வடிவமைப்பை எதிர்பார்த்துப் போகக் கூடாது.

இனி உங்கள் விஷயம். நிரந்தர வதிவிடம் இருப்பதால் உங்களுக்கு உள்ளூர் மாணவர் கட்டணம்தான். ஆனால் இதில் ஒரு முள் இருக்கிறது. சம்பளம் வந்த பிறகு கட்டும் அரசுக் கல்விக் கடன் பெரும்பாலும் குடியுரிமை பெற்றவர்களுக்கும் நிரந்தர மனிதாபிமான விசாவில் வந்தவர்களுக்கும்தான். நீங்கள் ஒவ்வொரு பருவமும் கையிலிருந்து கட்ட வேண்டும். ஒரே பட்டத்துக்குள் பாடத்துக்குப் பாடம் விலை மாறுவதும் பலருக்குத் தெரியாது. 2025 கணக்கில் முழு வருடத்துக்குக் காண்கலைப் பாடங்கள் ஏறத்தாழ 9,300 டொலர் என்றால், தொடர்பியல் பாடங்கள் 17,000ஐ நெருங்கும். விருப்பப் பாடம் தேர்ந்தெடுக்கும்போது பெயரை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள்.

நான் செய்த பிழையைச் சொல்கிறேன். ஹட்டனில் ஓர் அச்சகத்தில் நான்கு வருடம் வேலை செய்தேன். காமன் கூத்து அறிவித்தல், தேர்த் திருவிழாப் பதாகை, கண்ணீர் அஞ்சலி எல்லாம் பாமினி எழுத்துருவில் என் கையால் போனவை. 2012இல் கணவருடன் மெல்பேர்ன் வந்தேன். சான்றிதழ் இல்லாமல் யாரும் மதிக்க மாட்டார்கள் என்ற பயத்தில், அடுத்த வருடமே ஒரு தனியார் கல்லூரியில் 15,000 டொலர் கட்டி டிப்ளோமா எடுத்தேன். அந்தத் தாளை இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை. மெல்பேர்னின் டண்டினோங் பகுதியில் பெயர்ப்பலகை அடிக்கும் கடையில் வேலை கிடைத்தது, ஹட்டனில் செய்த பதாகைகளைக் காட்டித்தான்.

குடியுரிமை வந்த பிறகு, 2018 தொடங்கி 2021 வரை, கல்விக் கடனில் பட்டம் படித்தேன். முடிந்தபோது கடன் 17,000 டொலர். இதைத்தான் எல்லோரும் செலவு என்று எழுதுவார்கள். உண்மையான செலவு வேறு இடத்தில் இருந்தது. வகுப்புக்காக வாரத்தில் இரண்டு நாள் வேலையை விட்டேன். வருடச் சம்பளம் 48,000. நான்கு வருடத்தில் கைவிட்ட சம்பளம் 76,000ஐத் தாண்டியது. இப்போது ஒரு நகரசபையில் 78,000க்கு இருக்கிறேன். அந்த இடத்துக்குப் பட்டம் கட்டாயம். வருடத்துக்கு 30,000 கூடுதல் என்றாலும், வரியைக் கழித்துப் பார்த்தால் போட்டது திரும்பி வர நான்கைந்து வருடம். முப்பதில் தொடங்குபவருக்கு அது பரவாயில்லை. நாற்பத்தைந்தில் என்றால் நான் வேறு மாதிரிப் பேசியிருப்பேன்.

சம்பளத்தைவிட எனக்கு அந்தப் பட்டம் தந்தது இன்னொன்று. வாரந்தோறும் நம் வேலையைச் சுவரில் ஒட்டிவிட்டு, பத்துப் பேர் குறை சொல்ல நிற்க வேண்டும். ஏன் இந்த நிறம், ஏன் இந்த எழுத்து என்று கேட்பார்கள். முதல் பருவம் முழுக்க நான் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் தோட்டத்துத் துரை பேசும்போது நம் ஆட்கள் நிற்பது போலவே. ஒரு நாள் ஆசிரியர், "நீ ஒப்புக்கொள்கிறாயா, பயப்படுகிறாயா?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. மென்பொருளை இணையத்தில் இலவசமாகக் கற்கலாம். வாடிக்கையாளரின் முன் நிமிர்ந்து காரணம் சொல்லும் பழக்கத்தை நான் அங்கேதான் கற்றேன். கணினியே ஒரு நொடியில் இலச்சினை வரைந்து தரும் இந்தக் காலத்தில் அந்தப் பழக்கத்துக்குத்தான் கூலி.

ஆகவே நீங்கள் இப்போதே பல்கலைக்கழகம் போக வேண்டாம். அரசுத் தொழிற்கல்லூரியான டேஃபில் கிராஃபிக் டிசைன் டிப்ளோமாவைப் பாருங்கள். விக்டோரியாவில் அரசு மானியத்துக்கு நிரந்தர வதிவிடம் போதும். பல இடங்களில் அந்தப் பாடங்களைப் பின்னால் பட்டத்தில் கழித்துக்கொள்ளலாம். எத்தனை கழியும் என்று சேருமுன் எழுத்தில் வாங்குங்கள். நான்கு வருடம் சட்டபூர்வமாக வாழ்ந்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அதன்பின் கல்விக் கடனில் பட்டம். 2025–26 கணக்கில் வருட வருமானம் 67,000 டொலரைத் தாண்டினால்தான் கடன் பிடிப்பார்கள். வட்டி இல்லை, ஆனால் வருடாவருடம் விலைவாசிக்கேற்ப கடன் கொஞ்சம் ஏறும்.

இடையில் தமிழ் எழுத்தோடு பழகிய உங்கள் கையைச் சும்மா விடாதீர்கள். மெல்பேர்னில் அரசாங்கத் தமிழ் அறிவித்தல்களில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாக உடைந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில், எழுத்துகளைக் கோக்கும் அமைப்பை (கம்போசர்) தமிழுக்கு உரியதாக மாற்றாமல் ஒட்டிவிடுவதால் வருவது அது. அதைத் திருத்தத் தெரிந்த டிசைனர்கள் அந்த நகரத்தில் அதிகம் இல்லை. நான்கு மாதிரிகளை, உடைந்ததையும் திருத்தியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உங்கள் தொகுப்பின் முதல் பக்கத்தில் போடுங்கள்.

பிரிட்ஜிங் விசாவில் (விசா முடிவு வரும்வரை தரும் தற்காலிக விசா) இருக்கும் இன்னொரு தம்பியும் இதையே கேட்டிருந்தார். அவருக்குச் சொல்வது இது: உங்களுக்குப் பல்கலைக்கழகம் வெளிநாட்டுக் கட்டணம்தான் போடும், படிக்க அனுமதி இருக்கிறதா என்பதும் உங்கள் விசா நிபந்தனையைப் பொறுத்தது. புகலிடக் கோரிக்கையாளர்களுக்குச் சில பல்கலைக்கழகங்கள் தனி உதவித்தொகை வைத்திருக்கின்றன. அதைக் கேட்டுப் பார்க்காமல் ஒரு சதமும் கட்டாதீர்கள்.

தம்பி, நாளை காலை நானே கொட்டகலைக்குப் பஸ் ஏறுகிறேன். தங்கச்சி வரைந்தவற்றை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பாடசாலைப் போட்டிக்கு வரைந்த மயிலும் தாமரையும் வேண்டாம்; யாரும் சொல்லாமல் அவளாகவே கிறுக்கிய கொப்பிகளைக் காட்டச் சொல்லுங்கள்.