எலும்புக்கூட்டின் ஆரை எலும்பில் இடது எது, வலது எது? உதவி தேவை

வணக்கம். யாழ்ப்பாணத்தில் உயர்தர மாணவருக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். எங்கள் ஆய்வுகூடத்தில் பழைய மாணவர்கள் வாங்கித் தந்த ஆளுயரப் பிளாஸ்ரிக் எலும்புக்கூடு ஒன்று உண்டு. போன மாதம் கட்டடம் திருத்தும்போது இரண்டு முன்கைகளும் கம்பி அறுந்து கழன்றுவிட்டன. அடுத்த கிழமை செய்முறை வகுப்பு. பிழையாகப் பூட்டினால் பிள்ளைகள் அதையே மனதில் பதித்துவிடுவார்கள்.

முன்கையில் இரண்டு எலும்புகள்: பெருவிரல் பக்கம் ஆரை (radius), சுண்டுவிரல் பக்கம் அரந்தி (ulna). அரந்தி இரண்டையும் இடது, வலது என்று பிரித்துவிட்டேன். முழங்கைப் பக்கம் ஸ்பேனர் வாய் மாதிரி இருக்கும் பள்ளத்தை முன்னுக்குப் பிடித்தால், ஆரையின் தலை வந்து பொருந்தும் சின்னக் குழி பெருவிரல் பக்கம் நிற்க வேண்டும். அது தெளிவாகத் தெரிகிறது.

சிக்கல் ஆரையில்தான். வட்டமான தலை மேலே, அகன்ற முனை மணிக்கட்டில், அந்த முனையின் கூர் பெருவிரல் பக்கம். இவ்வளவும் சரி. ஆனால் முன்பக்கம், பின்பக்கம் தெரியவில்லை. யாரோ எப்போதோ தடிப்பாக வெள்ளைப் பெயின்ற் அடித்திருக்கிறார்கள். மணிக்கட்டின் பின்புறம் இருக்க வேண்டிய மேடும் தவாளிப்புகளும், தலைக்குக் கீழேயுள்ள புடைப்பும் மூடுண்டு போயின. சுரண்டிப் பார்த்தேன், பிளாஸ்ரிக்கும் சேர்ந்து உரிகிறது. தின்னர் பூச மனம் வரவில்லை, உருகிவிடும். புத்தகப் படங்களெல்லாம் அந்த மேடுகளைத்தான் காட்டுகின்றன. தண்டின் மெல்லிய வளைவு மட்டும் இரண்டிலும் அப்படியே இருக்கிறது.

உடற்கூறு படித்தவர்கள், பிசியோ செய்பவர்கள் சொல்லுங்கள்: அந்த வளைவை மட்டும் வைத்து ஆரையின் முன்பக்கத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?